குடும்ப வன்முறை வழக்குகளில் கால்பந்து வீரர்கள்: லீக் அமைப்புகளின் தண்டனை விதிகள் மாறியது எப்படி?

வருங்கால மனைவியைத் தாக்கிய வீரர் ஒருவருக்கு, அமெரிக்காவின் தேசிய கால்பந்து லீக் (என்எஃப்எல்) 2014-ஆம் ஆண்டு ஜூலை 24-ஆம் தேதி 2 ஆட்டங்களில் விளையாடத் தடை விதித்தது. 46 நாள்கள் கழித்து, செப்டம்பர் 8-ஆம் தேதி, அதே சம்பவத்துக்காக அதே வீரருக்குக் காலவரையற்ற தடை விதித்தது. இடைப்பட்ட நாள்களில் அவர் புதிய குற்றம் எதையும் செய்யவில்லை. தாக்குதல் பதிவான காணொலி வெளியாகியிருந்தது, அவ்வளவே.

பால்டிமோர் ரேவன்ஸ் அணி வீரர் ரே ரைஸ் தொடர்பான அந்த விவகாரம், தொழில்முறை விளையாட்டு அமைப்புகள் குடும்ப வன்முறையை அணுகும் முறையில் திருப்புமுனையாக அமைந்தது. அதன் பின்னர் விதிகள் கடுமையாக்கப்பட்டன. விசாரணைப் பிரிவுகள் உருவாக்கப்பட்டன. ஆயினும், தண்டனையைத் தீர்மானிப்பது குற்றத்தின் தன்மையா அல்லது மக்களின் பார்வைக்கு வந்த ஆதாரமா என்ற கேள்வி இன்றும் தொடர்கிறது.

என்எஃப்எல் அமைப்பின் அதிகாரம்

அமெரிக்காவில் 'ஃபுட்பால்' என்று அழைக்கப்படுவது, தலைக்கவசம் அணிந்து, பெரும்பாலும் பந்தைக் கையில் ஏந்தி ஆடப்படும் அமெரிக்கக் கால்பந்து ஆகும். அதன் உச்ச அமைப்பான என்எஃப்எல் லீக்கில் 32 அணிகள் உள்ளன. லீக்கின் நிர்வாகத் தலைவர் 'ஆணையர்' எனப்படுகிறார். 2006-ஆம் ஆண்டு முதல் ரோஜர் குட்டெல் இப்பொறுப்பை வகித்து வருகிறார்.

வீரர்களுடன் ஒப்பந்தம் செய்துகொள்வதும் அவர்களை நீக்குவதும் அணிகளின் உரிமை. ஆடுகளத்துக்கு வெளியே லீக்கின் நற்பெயருக்குக் களங்கம் விளைவிக்கும் செயல்களுக்குத் தண்டனை விதிப்பது, 'தனிநபர் நடத்தை விதிகள்' என்ற ஏற்பாட்டின்கீழ் ஆணையரின் அதிகாரத்துக்கு உட்பட்டது. தடை விதிக்கப்படும் ஆட்டங்களுக்கு வீரருக்கு ஊதியம் கிடையாது.

லீக் என்பது நீதிமன்றம் அல்ல. அது ஒரு வேலையளிப்போர் அமைப்பு. சாட்சிகளுக்கு அழைப்பாணை அனுப்பவோ, காவல் துறையிடமிருந்து ஆவணங்களைக் கட்டாயப்படுத்திப் பெறவோ அதற்கு அதிகாரம் இல்லை. அதே வேளையில், ஒருவரைத் தண்டிக்க நீதிமன்றத் தீர்ப்புக்காக அது காத்திருக்க வேண்டியதும் இல்லை. பிற்காலச் சர்ச்சைகள் பலவும் இந்த இரட்டை நிலையிலிருந்தே எழுந்தன.

கன்சாஸ் சிட்டி துயரம்

ரைஸ் விவகாரத்துக்கு முன்பே எச்சரிக்கை மணி ஒலித்திருந்தது. கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணி வீரர் ஜோவன் பெல்ச்சர், 2012-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் தேதி, தனது பச்சிளம் குழந்தையின் தாயான பெண்ணைச் சுட்டுக் கொன்றார். பின்னர் அணியின் பயிற்சி வளாகத்துக்குச் சென்று, பயிற்சியாளர், பொது மேலாளர் ஆகியோரின் கண்ணெதிரே தன்னைத்தானே சுட்டுக்கொண்டு உயிரிழந்தார். மறுநாள் அந்த அணி திட்டமிட்டபடி களமிறங்கி விளையாடியது. இச்சம்பவம் நாட்டை உலுக்கியது. ஆனால், குடும்ப வன்முறைக்கெனத் தனியான தண்டனை அளவு எதையும் லீக் அப்போது வகுக்கவில்லை.

ரே ரைஸ் விவகாரம்

நியூ ஜெர்சி மாநிலம் அட்லாண்டிக் சிட்டியில் உள்ள சூதாட்ட விடுதி ஒன்றின் லிஃப்டில், 2014-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் தேதி அதிகாலையில் ரைஸ் தனது வருங்கால மனைவியைத் தாக்கினார். சுயநினைவின்றிக் கிடந்த அவரை லிஃப்டிலிருந்து ரைஸ் வெளியே இழுத்துவரும் காட்சியை டிஎம்இசட் இணையதளம் சில நாள்களில் வெளியிட்டது. லிஃப்டுக்கு உள்ளே நடந்தது அந்தக் காணொலியில் இல்லை.

மார்ச் மாத இறுதியில் ரைஸ் மீது கடும் தாக்குதல் குற்றச்சாட்டு பதிவானது. மறுநாளே இருவருக்கும் திருமணம் நடைபெற்றது. முதல்முறை குற்றம் சாட்டப்பட்டோருக்கான சீர்திருத்தத் திட்டத்தில் சேர மே மாதம் அவருக்கு அனுமதி கிடைத்தது. அத்திட்டத்தை நிறைவு செய்ததால் 2015-ஆம் ஆண்டு குற்றச்சாட்டு கைவிடப்பட்டது.

இக்காலகட்டத்தில் லீக்கும் அணியும் நடந்துகொண்ட விதம் பின்னர் கடும் கண்டனத்துக்கு உள்ளானது. மே மாதம் அணி ஏற்பாடு செய்த செய்தியாளர் சந்திப்பில் தம்பதி இருவரும் பங்கேற்றனர். அன்றிரவு நடந்தவற்றில் தமக்கிருந்த பங்குக்காக அப்பெண் வருந்துவதாக அணியின் ட்விட்டர் பக்கத்தில் பதிவு வெளியானது. அடிபட்டவரையே குற்றத்தில் பங்காளியாக்கிய அப்பதிவு, எதிர்ப்புகளுக்குப் பிறகு செப்டம்பரில் நீக்கப்பட்டது. ஜூன் மாதம் ஆணையர் குட்டெல் நடத்திய விசாரணையின்போதும் கணவருடன் ஒரே அறையில் அப்பெண் அமர்த்தப்பட்டிருந்தார். தாக்கியவரின் முன்னிலையில் பாதிக்கப்பட்டவரிடம் கருத்துக் கேட்பது, குடும்ப வன்முறை வழக்குகளில் அடிப்படை நடைமுறைக்கே எதிரானது என்று இத்துறை வல்லுநர்கள் சுட்டிக்காட்டினர்.

2 ஆட்டத் தடை அறிவிக்கப்பட்டதும் ஒப்பீடுகள் எழுந்தன. போதைப்பொருள் தடுப்பு விதியை மீண்டும் மீறியதற்காக கிளீவ்லாந்து பிரவுன்ஸ் வீரர் ஜோஷ் கார்டனுக்கு அதே ஆண்டு ஆகஸ்ட் 27-ஆம் தேதி குறைந்தது ஓராண்டு தடை விதிக்கப்பட்டது. பின்னர் அது 10 ஆட்டங்களாகக் குறைக்கப்பட்டது. பெண்ணைத் தாக்கியவருக்கு 2 ஆட்டங்கள், கஞ்சா பயன்படுத்தியவருக்கு ஓராண்டு என்ற முரண்பாடு பரவலாக விமர்சிக்கப்பட்டது. மறுநாள், ஆகஸ்ட் 28-ஆம் தேதி, அணி உரிமையாளர்களுக்கு எழுதிய கடிதத்தில் தமது முடிவு தவறானது என்று குட்டெல் ஒப்புக்கொண்டார்.

ஒரே நாளில் மாறிய முடிவு

லிஃப்டின் உட்புறக் காட்சியை செப்டம்பர் 8-ஆம் தேதி டிஎம்இசட் வெளியிட்டது. அன்றைய தினமே ரேவன்ஸ் அணி ரைஸை நீக்கியது. லீக் காலவரையற்ற தடையை அறிவித்தது.

இதை எதிர்த்து ரைஸ் செய்த மேல்முறையீட்டை, மத்தியஸ்தராக நியமிக்கப்பட்ட முன்னாள் கூட்டாட்சி நீதிபதி பார்பரா ஜோன்ஸ் விசாரித்தார். ரைஸ் தங்களிடம் உண்மையை மறைத்துவிட்டார் என்பது லீக்கின் வாதம். ஜூன் மாத விசாரணையில் ரைஸ் லீக்கைத் தவறாக வழிநடத்தவில்லை என்றும், ஒரே குற்றத்துக்கு இரண்டாவது முறை தண்டிப்பது தன்னிச்சையானது என்றும் கூறி, நவம்பர் 28-ஆம் தேதி அவர் தடையை ரத்து செய்தார். விளையாடும் உரிமை திரும்பக் கிடைத்தபோதிலும் எந்த அணியும் ரைஸை ஒப்பந்தம் செய்ய முன்வரவில்லை. அவர் மீண்டும் என்எஃப்எல் களத்தில் இறங்கவே இல்லை.

எஃப்பிஐ முன்னாள் இயக்குநர் ராபர்ட் முல்லரிடம் லீக் தனி விசாரணையை ஒப்படைத்தது. காணொலி வெளியாவதற்கு முன்பு லீக்கிடம் அது வந்து சேர்ந்ததற்கு ஆதாரம் இல்லை என்று 2015-ஆம் ஆண்டு ஜனவரியில் அவரது அறிக்கை தெரிவித்தது. அதே வேளையில், சம்பவத்தின் தீவிரத்தை உணர்த்தும் தகவல்கள் கையில் இருந்தும் லீக் முறையாக விசாரிக்கத் தவறியது என்றும் அந்த அறிக்கை குறை கூறியது.

புதிய விதிகள் என்ன?

ஆகஸ்ட் 28 கடிதத்திலும், அதைத் தொடர்ந்து 2014-ஆம் ஆண்டு டிசம்பரில் அணி உரிமையாளர்கள் ஒருமனதாக ஏற்ற திருத்தப்பட்ட நடத்தை விதிகளிலும் இடம்பெற்ற முக்கிய அம்சங்கள்:

• குடும்ப வன்முறை, பாலியல் வன்முறை உள்ளிட்ட குற்றங்களுக்கு முதல்முறை 6 ஆட்டங்களுக்கு ஊதியமற்ற தடை என்பது அடிப்படை அளவு. ஒரு பருவத்துக்கான ஊதியத்தில் இது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இழப்பாகும்.

• ஆயுதம் பயன்படுத்துதல், கழுத்தை நெரித்தல், கர்ப்பிணியைத் தாக்குதல், குழந்தையின் முன்னிலையில் தாக்குதல் போன்றவை தண்டனையைக் கூட்டும் காரணங்கள். தணிக்கும் காரணங்களும் கருத்தில் கொள்ளப்படும்.

• இரண்டாவது முறை குற்றம் புரிந்தால் லீக்கிலிருந்து நிரந்தர நீக்கம். ஓராண்டுக்குப் பிறகு மீண்டும் சேர்க்கக் கோரி விண்ணப்பிக்கலாம். அது ஏற்கப்படும் என்ற உறுதி இல்லை.

• வன்முறைக் குற்றம் முறைப்படி சாட்டப்பட்டவர்களை, வழக்கு முடியும்வரை ஊதியத்துடன் விளையாட்டிலிருந்து ஒதுக்கி வைக்கலாம். இது 'ஆணையரின் விலக்குப் பட்டியல்' எனப்படுகிறது.

• நீதிமன்றத்தில் தண்டனை பெறாவிட்டாலும், நம்பத்தகுந்த ஆதாரம் இருந்தால் லீக் நடவடிக்கை எடுக்கலாம்.

• வீரர்கள் மட்டுமன்றி, பயிற்சியாளர்கள், ஊழியர்கள், உரிமையாளர்கள் ஆகியோருக்கும் இவ்விதிகள் பொருந்தும்.

நியூயார்க் மன்ஹாட்டனில் பாலியல் குற்ற வழக்குப் பிரிவின் தலைவராக இருந்த லிசா ஃப்ரீல், லீக்கின் விசாரணைகளுக்குப் பொறுப்பேற்றார். குடும்ப வன்முறைக் குற்றத்துக்காகத் தண்டனை பெற்ற இளம் வீரர்களை, புதிய வீரர்களுக்கான தேர்வு முகாமுக்கு அழைப்பதில்லை என்ற கட்டுப்பாடும் 2016-இல் நடைமுறைக்கு வந்தது. எனினும், அத்தகைய வீரர்களை அணிகள் தேர்வு செய்வதற்குத் தடை இல்லை.

விதியும் நடைமுறையும்

புதிய விதிகள் நடைமுறையில் எவ்வாறு செயல்பட்டன என்பதை அடுத்தடுத்து வந்த வழக்குகள் காட்டின.

கரோலினா பேந்தர்ஸ் வீரர் கிரெக் ஹார்டி, முன்னாள் காதலியைத் தாக்கிய வழக்கில் 2014-ஆம் ஆண்டு ஜூலையில் நீதிபதியால் குற்றவாளி என அறிவிக்கப்பட்டார். ஜூரி விசாரணை கோரி அவர் மேல்முறையீடு செய்தார். புகார் அளித்த பெண் விசாரணைக்கு ஒத்துழைக்காத நிலையில் 2015 பிப்ரவரியில் வழக்கு கைவிடப்பட்டது. அடுத்த மாதமே டாலஸ் கவ்பாய்ஸ் அணி அவரை ஒப்பந்தம் செய்தது. லீக் விதித்த 10 ஆட்டத் தடையை மத்தியஸ்தர் 4 ஆட்டங்களாகக் குறைத்தார். அப்பெண்ணின் உடலில் இருந்த காயங்களின் புகைப்படங்கள் அதே ஆண்டு நவம்பரில் வெளியானபோது, ஹார்டி டாலஸ் அணிக்காக விளையாடிக்கொண்டிருந்தார்.

நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் ஜோஷ் பிரவுன், மனைவியைத் தாக்கியதாக 2015 மே மாதம் கைது செய்யப்பட்டார். அவர் மீது வழக்கு தொடரப்படவில்லை. 2016 ஆகஸ்டில் லீக் அவருக்கு ஒரேயொரு ஆட்டத்துக்கு மட்டும் தடை விதித்தது. அடிப்படை அளவு 6 ஆட்டங்கள் என்று விதி வகுக்கப்பட்டு அப்போது ஈராண்டு ஆகவில்லை. மனைவியிடமிருந்தும் காவல் துறையிடமிருந்தும் போதிய தகவல் கிடைக்கவில்லை என்று லீக் விளக்கம் அளித்தது. அக்டோபரில் காவல் துறை ஆவணங்கள் வெளியாயின. மனைவியைத் துன்புறுத்தியதை பிரவுனே தமது குறிப்பேட்டில் எழுதியிருந்தது அவற்றின் மூலம் தெரியவந்தது. 2016-இன் தொடக்கத்தில் நடந்த நட்சத்திர வீரர்கள் ஆட்டத்தின்போது, அவர் மது அருந்திய நிலையில் வந்து அறைக் கதவைத் தட்டியதால், லீக்கின் பாதுகாப்புப் பிரிவினரே மனைவியையும் குழந்தைகளையும் வேறு விடுதிக்கு மாற்றினர் என்ற தகவலும் அவற்றில் இருந்தது. சில நாள்களில் அணி அவரை நீக்கியது. மறு ஆண்டு லீக் மேலும் 6 ஆட்டத் தடை விதித்தது.

கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் வீரர் கரீம் ஹன்ட் தொடர்பான விவகாரம் குடும்ப உறவு சார்ந்தது அல்ல என்றாலும், அதே போக்கைக் காட்டியது. கிளீவ்லாந்து விடுதி ஒன்றில் 2018 பிப்ரவரியில் ஒரு பெண்ணை அவர் தள்ளி உதைத்த காட்சி, நவம்பர் 30-ஆம் தேதி வெளியானது. அன்றே அணி அவரை நீக்கியது. அதுவரை ஏறத்தாழ ஒன்பது மாதங்களாக அவர் வழக்கம்போல் விளையாடி வந்தார். 2019 பிப்ரவரியில் பிரவுன்ஸ் அணி அவரை ஒப்பந்தம் செய்தது. மார்ச் மாதம் லீக் 8 ஆட்டத் தடை விதித்தது.

வீரர்கள் தரப்பு வாதம்

நீதிமன்றத்தில் நிரூபிக்கப்படாத குற்றச்சாட்டுக்கு ஒரு வேலையளிப்போர் அமைப்பு தண்டனை விதிப்பது இயற்கை நீதிக்கு முரணானது என்பது வீரர்கள் சங்கத்தின் நீண்டகால வாதம். விசாரிப்பவர், தண்டிப்பவர், மேல்முறையீட்டைக் கேட்பவர் மூவரும் ஒரே அலுவலகத்தைச் சேர்ந்தவர்கள் என்று அது சுட்டிக்காட்டியது.

டாலஸ் கவ்பாய்ஸ் வீரர் இசக்கியல் எலியட் வழக்கில் இவ்வாதம் நீதிமன்றம் சென்றது. முன்னாள் காதலி அளித்த புகாரில் அரசு வழக்குரைஞர்கள் வழக்கு தொடரவில்லை. எலியட்டும் குற்றச்சாட்டை மறுத்தார். எனினும் 2017 ஆகஸ்டில் லீக் அவருக்கு 6 ஆட்டத் தடை விதித்தது. புகார்தாரரை நேரில் விசாரித்த லீக் அதிகாரியின் ஐயங்கள் புறக்கணிக்கப்பட்டதாக வீரர்கள் சங்கம் வாதிட்டது. பல மாதச் சட்டப் போராட்டத்துக்குப் பிறகும் தடை நீடித்தது. எலியட் அதை அனுபவித்தார்.

இதன் தொடர்ச்சியாக, 2020-ஆம் ஆண்டு லீக்குக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் இடையே கையெழுத்தான கூட்டு பேர ஒப்பந்தத்தில் மாற்றம் வந்தது. இரு தரப்பும் சேர்ந்து நியமிக்கும் ஒழுங்கு நடவடிக்கை அதிகாரியே முதல்கட்ட முடிவை எடுப்பார். மேல்முறையீட்டைக் கேட்கும் அதிகாரம் மட்டும் ஆணையரிடமோ அவர் நியமிப்பவரிடமோ நீடிக்கிறது.

பிற லீக்குகளின் அணுகுமுறை

அமெரிக்க பேஸ்பால் லீக் (எம்எல்பி), வீரர்கள் சங்கத்துடன் இணைந்து 2015 ஆகஸ்டில் குடும்ப வன்முறைக்கெனத் தனிக் கொள்கையை வகுத்தது. அதில் குறைந்தபட்சத் தண்டனையும் இல்லை. அதிகபட்ச வரம்பும் இல்லை. விதிகளை உருவாக்கும்போதே சங்கம் உடன்பட்டிருந்தது என்பது என்எஃப்எல் முறையிலிருந்து இதை வேறுபடுத்துகிறது.

ஆஸ்திரேலிய கால்பந்து லீக் (ஏஎஃப்எல்), பெண்களுக்கு எதிரான வன்முறை குறித்த 'மரியாதையும் பொறுப்பும்' என்ற கொள்கையை 2005-ஆம் ஆண்டிலேயே அறிமுகப்படுத்தியது. தண்டனையைக் காட்டிலும் வீரர்களுக்கான பயிற்சிக்கு அது முன்னுரிமை அளித்தது. அந்நாட்டின் ரக்பி லீக் (என்ஆர்எல்) 2019-இல் வேறொரு வழியைத் தேர்ந்தெடுத்தது. 11 ஆண்டுகள் அல்லது அதற்கு மேல் சிறைத் தண்டனை விதிக்கத்தக்க குற்றம் சாட்டப்பட்டாலே, வீரர் முழு ஊதியத்துடன் தானாகவே ஒதுக்கி வைக்கப்படுவார். குற்றவாளி என்ற முத்திரை இன்றி, அணியின் விருப்பு வெறுப்புக்கும் இடமளிக்காமல் இவ்விதி செயல்படுகிறது. அந்நாட்டு கூட்டாட்சி நீதிமன்றமும் இதை ஏற்றது.

உலகம் முழுவதும் ஆடப்படும் கால்பந்தில் முடிவு பெரும்பாலும் கிளப்புகளின் கையில் உள்ளது. இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் வீரர் மேசன் கிரீன்வுட், 2022 ஜனவரியில் கைதானது முதல் அணியிலிருந்து ஒதுக்கி வைக்கப்பட்டார். முக்கிய சாட்சிகள் விலகியதையும் புதிய தகவல்கள் கிடைத்ததையும் சுட்டிக்காட்டி, அவர் மீதான குற்றச்சாட்டுகளை அரசுத் தரப்பு 2023 பிப்ரவரியில் கைவிட்டது. கிரீன்வுட் குற்றச்சாட்டுகளைத் தொடக்கம் முதலே மறுத்து வந்தார். தொடர்ந்து சுமார் ஆறு மாதங்கள் கிளப்பே உள் விசாரணை நடத்தியது. சாட்டப்பட்ட குற்றங்களை அவர் செய்யவில்லை என்ற முடிவுக்கு வந்ததாக அறிவித்தபோதும், அவர் வேறு கிளப்பில் விளையாடுவார் என்று அது கூறியது. அவர் ஸ்பெயினின் கெட்டாஃபே அணிக்கும், பின்னர் பிரான்ஸின் மார்செய் அணிக்கும் சென்றார்.

எண்கள் கூறுவது என்ன?

கால்பந்து வீரர்கள் பிறரைவிட அதிகக் குற்றம் புரிகிறார்கள் என்ற பொதுக் கருத்தைத் தரவுகள் முழுமையாக ஆதரிக்கவில்லை. ஃபைவ்தர்ட்டிஎய்ட் இணையதளம் 2014-இல் வெளியிட்ட ஆய்வின்படி, என்எஃப்எல் வீரர்கள் கைதாகும் விகிதம், 25 முதல் 29 வயது வரையுள்ள அமெரிக்க ஆண்களின் விகிதத்தில் 13 சதவீதம் மட்டுமே. குடும்ப வன்முறையில் மட்டும் அது 55 சதவீதமாக உள்ளது. வீரர்கள் மீதான வன்முறைக் குற்றக் கைதுகளில் 48 சதவீதம் குடும்ப வன்முறை தொடர்பானவை. நாடு தழுவிய அளவில் இது 21 சதவீதம். பிற குற்றங்களிலிருந்து வீரர்களை விலக்கி வைக்கும் வருமானமும் வசதியும், வீட்டுக்குள் நிகழும் வன்முறையை அதே அளவுக்குத் தடுப்பதில்லை என்பதையே இது காட்டுகிறது. இவை காவல் துறை வரை சென்ற சம்பவங்களின் கணக்கு மட்டுமே.

பெண்கள் பேசத் தயங்குவது ஏன்?

ரைஸ் காணொலி வெளியான நாள்களில், 'அவர் ஏன் அந்த மனிதரைவிட்டு விலகவில்லை, ஏன் திருமணம் செய்துகொண்டார்' என்ற கேள்வி சமூக ஊடகங்களில் எழுந்தது. அதற்குப் பதிலாக, வன்முறை நிறைந்த உறவில் தாம் ஏன் நீடிக்க நேர்ந்தது என்பதை ஆயிரக்கணக்கான பெண்கள் 'நான் ஏன் தங்கினேன்' என்ற பொருள்படும் ஹேஷ்டேக்கில் எழுதினர். அச்சம், குழந்தைகள், பணம், போக்கிடமின்மை ஆகியவையே அவர்கள் கூறிய காரணங்கள். அமெரிக்க தேசிய உதவி எண்ணுக்கு வந்த அழைப்புகளும் அந்நாள்களில் வெகுவாக அதிகரித்தன.

வீரர்களின் துணைவியருக்கு இத்தயக்கம் மேலும் கூடுகிறது. என்எஃப்எல் ஒப்பந்தங்களில் பெரும்பகுதி ஊதியத்துக்கு உத்தரவாதம் இல்லை. வீரர் ஒருவரின் சராசரி விளையாட்டுக் காலம் மூன்று ஆண்டுகளுக்குச் சற்று அதிகம் மட்டுமே என்று வீரர்கள் சங்கம் கூறுகிறது. குடும்பத்தின் வாழ்நாள் வருமானத்தில் பெரும்பகுதி அந்தச் சில ஆண்டுகளில்தான் ஈட்டப்படுகிறது. காவல் துறைக்குச் செய்யும் ஒரு தொலைபேசி அழைப்பு, அந்த வருமானம் முழுவதையும் நிறுத்திவிடக்கூடும். குழந்தைகளின் படிப்பும் வீட்டுக் கடனும் அதையே சார்ந்திருக்கலாம். ரசிகர்களின் வசை பெரும்பாலும் புகார் அளித்தவர் மீதே பாய்கிறது.

இதனால்தான், தண்டனையைக் கடுமையாக்குவது மட்டும் போதுமா என்ற கேள்வியைப் பெண்கள் நல அமைப்புகள் எழுப்பி வருகின்றன. ஒரே குற்றத்துக்குப் பிறகு வீரரின் வாழ்வாதாரம் முற்றிலும் பறிபோகும் என்ற நிலை ஏற்பட்டால், பாதிக்கப்பட்டவர் வாய் திறக்கவே அஞ்சுவார். மிரட்டலுக்கும் ஆளாவார் என்பது அவர்களின் கவலை. குடும்பத்துக்கு ரகசியமான ஆலோசனை, பாதுகாப்பான தங்குமிடம், நிதியுதவி ஆகியவை தண்டனை விதிகளுடன் இணைந்து செல்ல வேண்டும் என்பது அவர்களின் வலியுறுத்தல்.

மீண்டும் மைதானத்தில்

தமது குற்றத்தை வெளிப்படையாக ஒப்புக்கொண்ட ரைஸ், பின்னாள்களில் இளம் வீரர்களிடம் குடும்ப வன்முறை குறித்துப் பேசிவந்தார். அவரை 2014-இல் நீக்கிய ரேவன்ஸ் அணியே, 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் தேதி பால்டிமோர் மைதானத்தில் தனது முன்னாள் நாயகர்களுள் ஒருவராக அவரைக் கௌரவித்தது. திருந்தியவருக்கு மறுவாய்ப்பு என்று ஒரு தரப்பினர் அதை வரவேற்றனர். மற்றொரு தரப்பினர் எதிர்த்தனர்.

இன்று இதேபோன்ற சம்பவம் நிகழ்ந்தால், 2 ஆட்டத் தடையுடன் அது முடிந்துவிட வாய்ப்பில்லை. 6 ஆட்டங்கள் என்ற அளவுகோல், தனி விசாரணைப் பிரிவு, இரு தரப்பும் ஏற்ற ஒழுங்கு அதிகாரி ஆகியவை இப்போது உள்ளன. ஆனால் லிஃப்டில் இருந்ததுபோன்ற கேமரா பெரும்பாலான வீடுகளில் இல்லை. அங்கு நிகழ்வது வெளியே தெரிய வேண்டுமானால், பாதிக்கப்பட்டவர் அச்சமின்றிப் பேசும் நிலை உருவாக வேண்டும். அந்நிலையை உருவாக்குவதில் லீக் அமைப்புகள் இன்னும் செய்ய வேண்டியது ஏராளம்.